சம்மேளனம் எதற்கு இருக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடந்து போங்கள். பாதியை வாசித்துவிட்டு உள்பெட்டிக்கு வந்து ஏசுகிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

முந்தாநாள் பாடசாலை விட்டு வரும்போது சந்தியில் புதுப் பெனர் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மட ஊர்க் கழகங்களின் சம்மேளனம் நடத்தும் மின்னொளி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. முதற்பரிசு 2 இலட்சம். நடுவில் பிரதம அதிதியின் படம், ஆளுயரத்துக்கு. இரண்டு பக்கமும் கௌரவ அதிதிகள், கீழே அனுசரணையாளர்கள், அதற்கும் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர். நின்று எண்ணினேன், 17 முகம். விளையாடுகிற பிள்ளை ஒருவனின் முகம்கூட இல்லை. மூலையில் ஒரு பந்து இருந்தது. அதுவும் இணையத்தில் எடுத்த படம்.

அந்தப் பெனருக்குக் கீழேதான் என் பழைய மாணவன் ஒருவன் ஆட்டோவோடு நின்றான். "டீச்சர் ஏறுங்க, வீட்டடில விடுறன்" என்றான். ஏறினேன். வீட்டு வாசலில் என் பையை இறக்கித் தருவதற்காக இறங்கியவன் வலது காலை மடக்காமல் இழுத்துக்கொண்டு இறங்கினான். வயது 20.

இவனைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். இடது காலால் அடிப்பான். 11ஆம் தரத்தில் நான்தான் வகுப்பாசிரியை. கணக்கில் மோசமில்லை, கொஞ்சம் தள்ளிவிட்டால் சாதாரண தரத்தில் எப்படியும் ஒரு 'சி' எடுக்கக்கூடிய பிள்ளை. ஆனால் அந்த வருடம் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது இதே மாதிரி ஒரு மின்னொளிச் சுற்றுப்போட்டி. இரவு 12 மணிக்கு மட்ச் முடியும், காலையில் அவனுடைய வாங்கு வெறுமையாக இருக்கும். கணக்கில் தவறினான். "அடுத்த வருசம் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதுவன் டீச்சர்" என்றான். அடுத்த வருடம் பரீட்சை வருவதற்கு முன்பே இறுதிப் போட்டி வந்துவிட்டது. மேடு பள்ளமான மைதானத்தில், அரைகுறை வெளிச்சத்தில், வெளியூரிலிருந்து காசு கொடுத்து இறக்கிய ஒரு தடியன் மேலே விழ, முழங்கால் திரும்பிவிட்டது.

ஆதார வைத்தியசாலையில் கட்டுப் போட்டு, எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். உம்மா சம்மேளனத்துக்குக் கடிதம் கொடுத்தா. எழுதிக் கொடுத்தது நான்தான். "கூட்டத்தில் வைத்துப் பேசுவோம்" என்றார்கள். பேசினார்களோ இல்லையோ, பதில் வரவில்லை. அதே கிழமையில் பிரதம அதிதிக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள் மட்டும் பேஸ்புக்கில் வந்தன. கடைசியில் அவனோடு விளையாடிய பொடியன்மார்தான் வட்ஸ்அப்பில் சொல்லி, கட்டாரில் இருக்கிற நண்பர்களிடம் சேர்த்து, எம்ஆர்ஐ எடுத்தார்கள். சத்திர சிகிச்சைக்குச் சேரவில்லை. இப்போது ஆட்டோ. அதுவும் மாமாவுடையது.

நான் கேட்பது ஒரு கேள்விதான். சம்மேளனம் எதற்கு இருக்கிறது?

கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஏற்கனவே ஒருவர் நேரில் சொல்லிவிட்டார்: "டீச்சர், நீங்க பந்தத் தொட்டிருக்கீங்களா? இது எங்கட விஷயம்." உண்மைதான். நான் பந்தைத் தொட்டதில்லை. எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்துக் கம்பம்கூட மைதானத்தின் ஓரத்தில்தான் இருந்தது. (பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சம்மேளனம் என்ன செய்திருக்கிறது என்று நான் இன்று கேட்கப் போவதில்லை. அது வேறு பதிவு.) பந்து என் கையில் இல்லை, வரவு இடாப்பு இருக்கிறது. எந்த மாதம் எந்தப் பிள்ளை வரவில்லை என்று அதில் இருக்கிறது. சுற்றுப்போட்டி தொடங்கும் தேதியை நான் பெனர் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, இடாப்பைப் பார்த்தாலே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிலருக்கு இது சுற்றி வளைப்பது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தவணையில் 10ஆம் தரப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு நுவரெலியா கூட்டிப்போனோம். டவுனுக்கு நடுவிலேயே கோல்ஃப் மைதானம் இருக்கிறது அல்லவா, வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. பஸ் மெதுவாகப் போகும்போது பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வெறுங்கையோடு நடக்கிறார், பின்னால் இன்னொருவர் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். "டீச்சர், அந்தப் பையத் தூக்கிட்டுப் போற ஆள் யாரு?" என்று ஒருத்தன் கேட்டான். "கெடி" என்றேன். பஸ்ஸே சிரித்தது. "கேடியா டீச்சர்? என்ன களவெடுத்தான்?" என்றார்கள். விளங்கப்படுத்தினேன்: மட்டைகளைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, தூரத்தைக் கணித்துச் சொல்லும் வேலைக்காரர். பிறகு அதே பிள்ளை அடுத்த கேள்வி கேட்டான்: "அவர் வயசு போனாப் பிறகு என்ன செய்வார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். வாசித்ததில் ஒரு சங்கத்தின் கதை வந்து மாட்டியது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் சிக்காகோ பகுதியில் இருந்த கோல்ஃப் கிளப்கள் சேர்ந்து 1899இல் ஒரு சங்கம் அமைத்தன. பெயர் வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷன். நம்மட பாஷையில் சொன்னால் பிராந்தியச் சம்மேளனம். நாடு முழுவதற்குமான சங்கம் அதற்கு ஐந்து வருடம் முன்பே அமைந்துவிட்டது, இவர்கள் தங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டார்கள். அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்குச் சுற்றுப்போட்டி நடத்தினார்கள், கிண்ணம் கொடுத்தார்கள், விருந்து வைத்தார்கள், படம் பிடித்தார்கள். அதாவது ஆரம்பத்தில் நம்மட சம்மேளனம் இப்போது செய்வதைத்தான் செய்தார்கள். அவர்கள் ஒன்றும் மகான்கள் கிடையாது. கறுப்பரையும் யூதரையும் வாசலுக்குள் விடாத கிளப்கள் நிறைய இருந்த காலம் அது. ஆகவே நான் யாருக்கும் வெள்ளையடிக்க வரவில்லை.

அந்த ஊரில் சார்ல்ஸ் எவன்ஸ் என்று ஒருவர், எல்லோரும் சிக் எவன்ஸ் என்றே அழைத்தார்கள். எட்டு வயதில் பை தூக்கப் போன பையன். பை தூக்கியே ஆட்டம் படித்தான். அந்தக் காலத்து விதிப்படி 16 வயதுக்குப் பிறகும் கெடியாக இருந்து கூலி வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். பணக்காரப் பையன் விளையாட்டாக விளையாடலாம், ஏழைப் பையன் சுமந்து சம்பாதித்தால் அவன் அமெச்சூர் இல்லை. என்ன நியாயம் பாருங்கள்! எவன்ஸ் 16 வயதில் பை தூக்குவதை விட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போனார், அதுவும் தொடரவில்லை. ஆனால் 1916இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய போட்டிகளையும், யூஎஸ் ஓப்பன், யூஎஸ் அமெச்சூர் இரண்டையும், ஒரே வருடத்தில் வென்றார். அதற்கு முன் அதை யாரும் செய்ததில்லை.

வென்றதும் காசு தேடி வந்தது. கோல்ஃப் எப்படி ஆடுவது என்று கிராமபோன் தட்டுகளில் பேசிக் கொடுத்தார், அதற்குப் பணம் வந்தது. அதை எடுத்தால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடுவார். எடுக்காமல் விட்டால் காசு வீண். அவருடைய உம்மாதான் வழி சொன்னவராம்: பை தூக்குகிற பிள்ளைகளின் படிப்புக்குக் கொடு. எவன்ஸ் அந்தக் காசை எடுத்துக்கொண்டு போன இடம் எது? அந்தப் பிராந்தியச் சங்கம்தான். இதை நீங்கள் நடத்துங்கள் என்றார்.

1930இல் இரண்டு கெடிப் பையன்கள் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குள் போனார்கள். இரண்டே பேர். ஆண்டைக் கவனியுங்கள். 1929 ஒக்டோபரில்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. வங்கிகள் மூடி, வேலை இல்லாமல் சனம் தெருவில் நின்ற காலத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினார்கள்.

இன்றைக்கு அந்த நிதியில் படித்து வெளியே வந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். இப்போதும் ஒரே நேரத்தில் 1,000 பேருக்கு மேல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம் இரண்டும் சேர்த்து. அந்தச் சங்கம் நடத்தும் பெரிய போட்டி ஒன்றில் உலகப் பிரபலங்கள் வந்து ஆடுகிறார்கள், தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், அனுசரணையாளரின் பெயரும் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டியில் மிஞ்சுகிற காசு முழுவதும் இந்தப் படிப்பு நிதிக்குப் போகிறது. கிளப் உறுப்பினர்களும் வருடா வருடம் கொடுக்கிறார்கள்.

யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நன்றாகக் கோல்ஃப் ஆடுகிறவனுக்கு இல்லை. எத்தனை நாள் ஒழுங்காகப் பை தூக்கினான், படிப்பு எப்படி, வீட்டு நிலைமை என்ன, குணம் எப்படி என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். நம்மட ஊருக்கு மாற்றிச் சொன்னால், கோல் அடித்தவனுக்கு மட்டும் இல்லை, காலையில் போய்ச் சுண்ணாம்பு போட்டுக் கோடு கீறிய பிள்ளைக்கும், வலை கட்டியவனுக்கும், சின்னப் பிள்ளைகளின் மட்ச்சுக்கு விசில் ஊதியவனுக்கும் பங்கு உண்டு. நம்மட சம்மேளனத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயராவது எங்கேயாவது எழுதி இருக்கிறதா?

"அது அமெரிக்கா, டீச்சர். டொலர்." இந்தப் பதில் வரும் என்று தெரியும். நான் கணக்குப் பார்த்தேன். அங்கே பல்கலைக்கழகம் போக இலட்சக்கணக்கில் கட்ட வேண்டும். இங்கே கன்னங்கரா காலத்திலிருந்து நமக்குக் கல்வி இலவசம். பல்கலைக்கழகத்துக்குள் போன பிள்ளைக்கு யாரும் கட்டணம் கட்டத் தேவையில்லை. நம்மட பிள்ளைகள் விழுகிற இடம் வேறு. சாதாரண தரத்தில் கணக்குத் தவறி, இரண்டாம் தடவை எழுத வகுப்புக் காசு இல்லாமல் விழுகிறார்கள். உயர்தரத்துக்குப் போக பஸ் காசும் டியூஷன் காசும் இல்லாமல் விழுகிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்வதற்கு ஆள் இல்லாமலும் விழுகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஒரு சிறு துண்டுதான் நமக்குத் தேவை. 2 இலட்சம் முதற்பரிசை 1 இலட்சமாகக் குறைத்தால், மீதியில் எத்தனை பிள்ளைகளின் கணக்கு வகுப்பு நடக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 2 இலட்சமும் நம்மட பிள்ளைகளின் கைக்குப் போவதும் இல்லை. கிண்ணத்துக்காகக் கழகங்கள் வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களை இறக்குகின்றன, பரிசுக் காசு அவர்களோடு பஸ் ஏறுகிறது. நம்மட பொடியன்மார் மாற்று வீரர் வாங்கில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள்.

இன்னொரு பதிலும் வரும், அதை நான் மதிக்கிறேன். "விளையாட்டு இல்லாட்டி புள்ளைகள் ஐஸுக்குப் போயிருவானுகள்." சரிதான். எந்தப் பிள்ளைகள் எந்த ஒழுங்கைக்குள் போகிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இல்லை. மைதானம் அவர்களைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சுற்றுப்போட்டி பத்து இரவு. வருடத்தில் மிச்ச இரவுகளில் மைதானத்தில் யார் இருக்கிறார்கள்? மாலையில் போய்ப் பாருங்கள். பயிற்றுநர் இல்லை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லீக் இல்லை. நடுவர் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட ஒருவரும் இல்லை, இறுதிப் போட்டிக்கு விசில் ஊதுகிறவர் யாரோ ஒருவருடைய மச்சான், அதனால்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை. போதையிலிருந்து காப்பாற்றுகிற சம்மேளனம் என்றால் அது மாடு மேய்கிற மைதானத்தில் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கும் தெரிய வேண்டும்.

மேலே இருப்பவர்கள் சரியில்லை, நாங்கள் என்ன செய்ய என்றும் சிலர் சொல்வார்கள். மேலே சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்ட் மாதம்தான் தடை நீங்கியது. பதவிக்கும் தேர்தலுக்கும் நடந்த இழுபறியில் அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியப் போட்டியில் நம்மட நாடு இல்லை. அந்த ஏழு மாதமும் நம்மட ஊரில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? தெரியவில்லை. மேலேயிருந்து ஒன்றும் வராதபடியால், நின்றதும் தெரியவில்லை. நமக்கு இருப்பது இந்தச் சம்மேளனம்தான் என்று நான் சொல்வது அதனால்தான். கொழும்பு திருந்தும்வரை 11ஆம் தரப் பிள்ளை காத்திருக்க மாட்டான், அவனுக்குப் பரீட்சை வந்துவிடும்.

சம்மேளனத்தில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. அதில் இருவர் என் வகுப்புத் தோழர்களின் காக்காமார், ஒருவர் என் மாணவியின் வாப்பா. கைக்காசு போட்டு லைட் கட்டுகிறார்கள், இரவெல்லாம் முழிக்கிறார்கள், தெரியும். அவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் மிஞ்சுவது ஒரு கிண்ணமும் 17 முகமும் என்பதுதான் என் கோபம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு சேர், பாடத்திட்டம் எழுதிக் கொண்டுபோனால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். "பாடம் முடிஞ்சாப் பிறகு புள்ளைட கையில என்ன இருக்கும்? அத எழுதல்லியே?" என்பார். சுற்றுப்போட்டிக்கும் அதே கேள்விதான்.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. பரீட்சை எழுத இருக்கிற பிள்ளையைக் கழகத்தில் பதிவதற்கு முன் வீட்டில் ஒரு கையொப்பமும் வகுப்பாசிரியரிடம் ஒரு கையொப்பமும் வாங்குங்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதத்தில் இரவுப் போட்டி வைக்காதீர்கள், பரீட்சை முடிந்த அடுத்த நாளே வையுங்கள், நானே வந்து நுழைவுச்சீட்டுக் கிழிக்கிறேன். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, காயப்பட்ட பிள்ளையின் வைத்தியத்துக்கும் படிப்பு நின்றுபோன பிள்ளையின் வகுப்புக்கும் மட்டும் செலவழியுங்கள். அந்தக் கணக்கைச் சுற்றுப்போட்டி முடிந்து ஒரு மாதத்துக்குள் மைதானத்திலேயே மைக்கில் வாசியுங்கள். அதிதிகளின் பெயரை வாசிக்க மைக் இருக்கிறது, இதற்கும் இருக்கும்.

இந்த வருடம் 12,000 பேர் வேண்டாம். இரண்டு பேரில் தொடங்குங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நம்மட ஊர்ச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுசரணைக்கு உங்களிடம்தான் கேட்பார்கள். கேட்கும்போது, கொடுக்கிறோம், எத்தனை பிள்ளைகளுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பெனரில் உங்கள் படம் எந்த இடத்தில் வரும் என்று கேட்காதீர்கள்.

சம்மேளனத்தின் பொதுக்கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகாம். அங்கே பெண்களை அழைக்கும் வழக்கம் இல்லை, நானும் சண்டைக்குப் போகப் போவதில்லை. என் தம்பி ஒரு கழகத்தின் உறுப்பினர், அவனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதுதான் அதிலும் இருக்கிறது, கூடவே இரண்டு பெயர்கள். ஒன்று, முழங்கால் திரும்பிய அந்த ஆட்டோக்காரப் பிள்ளை. கணக்குப் பரீட்சையை மறுபடி எழுத விருப்பம் இருக்கிறதா என்று முந்தாநாள் கேட்டேன், "எழுதலாம் டீச்சர், பின்னேரத்துல ஹயர் குறைவுதான்" என்றான். மற்றவன் இப்போது என் 11ஆம் தரத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறான், இடது பக்கம் ஓடுவான், இந்தச் சுற்றுப்போட்டிக்கு அவனை ஏற்கனவே இரண்டு கழகம் கேட்டுவிட்டது.